கைத்தொலைபேசியும் கைக்காசும்



கண்டி மாநகரிலிருந்து மஹியங்கனைக்குச் செல்லும் நெடுஞ்சாலை தெல்தெனியவைக் கடந்து மலையேறிச் செல்லும் வழியில் ஹுன்னஸ்கிரிய என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஒருபுறம் நக்கிள்ஸ் மலைத்தொடர் முகில் சூடி நிற்கும். மறுபுறம் தேயிலைச் சரிவுகள் படிபடியாய் இறங்கும். ஹுன்னஸ்கிரிய மலையிலே ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. வானொலியின் குரலைத் தொலைதூரத்து இல்லங்களுக்கு ஏந்திக் கொடுக்கும் மலை அது. ஆயினும் அங்கிருந்து லூல்வத்தை வழியாக மீமுரேக்குப் பிரிந்து செல்லும் பாதையிலே சிறிது தூரம் சென்றவுடன், கையிலுள்ள தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அலை கிடைக்கும் இடத்தைத் தேடி அங்குமிங்கும் நடப்போரைக் காணலாம். அவர்களுள் மலிந்த பேசியை வைத்திருப்பவரும் உண்டு. விலையுயர்ந்த பேசியை வைத்திருப்பவரும் உண்டு. மலை இருவரையும் ஒன்றாகவே நடத்துகின்றது.

இந்தக் காட்சியிலேயே இன்றைய பேச்சின் பொருள் அடங்கியிருக்கின்றது. விலையுயர்ந்த திறன்பேசியும், மாதந்தோறும் பணம் கேட்கும் தரவுப் பொதியும், அவற்றுக்குக் கொடுக்கப்படும் விலைக்குத் தகுந்தவையா? கண்டி நகரக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னே நின்று, பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவர் உள்ளத்திலும் எழும் வினா இது.

கைத்தொலைபேசி ஆடம்பரப் பொருள் என்று ஒதுக்கிவிடும் காலம் போய்விட்டது. தென்னாசியாவிலேயே முதன்முதலாகக் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கிய நாடு இலங்கை. 1989ஆம் ஆண்டில் அது தொடங்கியபோது, செல்வர் சிலரின் மோட்டார் வண்டிகளிலும் கைகளிலும் மட்டுமே அக்கருவி காணப்பட்டது. இன்றோ கொழுந்து பறிக்கும் பெண்ணின் இடுப்பு முடிச்சிலும் அது இருக்கின்றது. வளைகுடா நாட்டில் உழைக்கும் கணவனின் முகத்தைக் காட்டுவதும், கொழும்புக் கடையில் வேலை செய்யும் மகனின் குரலைக் கொண்டுவருவதும், நோயுற்ற வேளையில் முச்சக்கர வண்டியை அழைப்பதும் அதுவே.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, அதன் இன்றியமையாமை எல்லோருக்கும் விளங்கிற்று. பாடங்கள் திடீரென வகுப்பறையை விட்டு நீங்கித் தொலைபேசிக்குள் குடிபுகுந்தன. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டிலே ஒரு பேசி. அதுவும் தந்தையுடன் வேலைத்தலத்துக்குப் போய்விடும். பல தோட்டக் குடும்பங்களின் நிலை அதுதான். பேசி இருந்த இடங்களிலும் அலை இருக்கவில்லை. 2021ஆம் ஆண்டிலே, கொழும்புக்குக் கிழக்கே ஏறத்தாழ 160 கிலோமீற்றர் தொலைவிலுள்ள போஹிட்டியாவ என்னும் கிராமத்துப் பிள்ளைகள், காட்டுவழியே நடந்து ஒரு பாறையின் உச்சிக்கு ஏறிப் பாடங்களைப் பெற்ற செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அவர்களின் ஆசிரியையும் அதே பாறைக்கு ஏறினார். லுணுகலைப் பகுதியில் பிள்ளைகள் காட்டு மரத்தின் மேல் அமைந்த குடிலுக்கு ஏறினர். அந்தப் பிள்ளைகளுக்கு இல்லாதிருந்தது விலையுயர்ந்த பேசியன்று. அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேரும் அலையே.

இதன் காரணத்தை அறிந்துகொள்வது நன்று. தொலைபேசி அலைகள் ஒளியைப் போலப் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்பவை. இடையிலே மலை நின்றால் தடைப்படும். 900 மெகாஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண் அலைகள் மலைமடிப்புகளைச் சுற்றி ஓரளவு வளைந்து செல்லும். 1800, 2100 போன்ற உயர்ந்த அதிர்வெண் அலைகள் மிகுந்த செய்தியைச் சுமந்து வந்தாலும் விரைவிலே தளர்ந்துவிடும். ஆகவே, நகரத்திலே மின்னல் வேகத்தில் இயங்கும் பேசி, பள்ளத்தாக்கு லயத்திலே ஊமையாகிவிடுவது பேசியின் குற்றமன்று. கோபுரம் இல்லாத குறையைப் பேசியின் விலையால் நிரப்ப முடியாது. பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் மலைநாட்டவர் மனத்தில் இருத்த வேண்டிய முதலாவது உண்மை இதுவே.

இனி விலையைப் பார்ப்போர், அதை ரூபாயில் மட்டும் பார்த்தல் போதாது. உழைப்பு நாள்களிலும் பார்த்தல் வேண்டும். பெருந்தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021ஆம் ஆண்டில் 1000 ரூபாயாகவும், 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் 1350 ரூபாயாகவும் வரையறுக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்திலே, அதனை 1550 ரூபாயாக உயர்த்தி, அரசு நாளொன்றுக்கு மேலும் 200 ரூபாய் வழங்குவதென முன்மொழியப்பட்டது. இந்த 1750 ரூபாயும் ஒரு சதமும் குறையாமற் கைக்கு வருவதாகவே வைத்துக்கொள்க.

ஹுன்னஸ்கிரியவை அடுத்த ஒரு தோட்டத்திலே ஒரு தாய் இருப்பதாக எண்ணிக்கொள்க. அவளுடைய மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கின்றாள். கடையிலே 175,000 ரூபாய் விலையுள்ள பேசி ஒன்றும், 35,000 ரூபாய் விலையுள்ள பேசி ஒன்றும் அருகருகே இருக்கின்றன. முதலாவது பேசி அந்தத் தாயின் நூறு நாள் உழைப்பு. பனியிலே பெரட்டுக்குப் போய், அட்டை கடிக்கும் சரிவிலே நின்று, கூடையை நூறு நாள் நிரப்பினால்தான் அது வரும். அந்த நூறு நாளும் வீட்டில் ஒருவரும் உண்ணாமலும் உடுக்காமலும் இருத்தல் வேண்டும். இரண்டாவது பேசி இருபது நாள் உழைப்பு. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு எண்பது நாள்.

அந்த எண்பது நாளுக்குக் கிடைப்பது யாது? மேலான ஒளிப்படக் கருவி, கூரிய திரை, விரைவான இயக்கம், சிறிது பெருமை. ஆனால் மகள் படிப்பதற்கு வேண்டுவன யாவை? ஆசிரியர் அனுப்பும் குரற்பதிவு, பாடக்குறிப்பு, கடந்தகால வினாத்தாள், கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இணையத்தில் இலவசமாக வைத்துள்ள தமிழ்ப் பாடநூல், கல்வி அமைச்சின் ‘ஈ-தக்சலாவ’ தளத்துப் பாடங்கள் ஆகியவையே. இவற்றை 35,000 ரூபாய்ப் பேசியும் திறந்து காட்டும். ஒரே வினாத்தாள் இரண்டு திரையிலும் ஒரே வினாக்களைத்தான் கேட்கும்.

அப்படியாயின் மகள் ஏன் விலையுயர்ந்ததைக் கேட்கின்றாள்? தாய் ஏன் தன் தோட்டைக் கழற்றி அடகுக் கடைக்குக் கொண்டுபோக எண்ணுகின்றாள்? இங்கேதான் கணக்குப் புத்தகத்துக்குள் அடங்காத ஒன்று இருக்கின்றது. நகரத்துப் பிள்ளைகளின் நடுவிலே பழைய பேசியை எடுக்க மகள் கூசுகின்றாள். தான் பட்ட குறையைத் தன் பிள்ளை படக்கூடாது என்று தாய் நினைக்கின்றாள். இந்த உணர்வை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அது நேர்மையன்று. தலைமுறை தலைமுறையாகப் பிறர் ஏளனத்தைச் சுமந்தவர்கள், தம் பிள்ளை நிமிர்ந்து நிற்க ஒரு பொருளை வாங்கிக் கொடுக்க விரும்புவது இயல்பே. அந்தப் பொருள் அந்த நிமிர்வைத் தருமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஈராண்டில் அதனினும் புதியதொன்று கடைக்கு வந்துவிடும். கூச்சமும் திரும்பி வந்துவிடும். அடகு வட்டியோ போவதில்லை. அந்த எண்பது நாள் உழைப்பில் ஒரு பகுதி மாலை வகுப்புக்கும், கண்டிக்குச் செல்லும் பஸ் கட்டணத்துக்கும், படிக்க ஒரு மேசைக்கும் விளக்குக்கும் செலவானால், மகள் பெறும் நிமிர்வு பழையதாகிப் போவதில்லை.

பேசியின் விலை ஒருமுறை கொடுப்பது. பொதியின் விலையோ ஓயாது கொடுப்பது. வானொலிப் பெட்டி வீடுகளுக்கு வந்த காலத்தை முதியோர் அறிவர். பெட்டியை ஒருமுறை வாங்கிவிட்டால், சிறு அனுமதிக் கட்டணத்தைத் தவிர, கேட்கும் நேரத்துக்குக் கூலி இல்லை. ஒரு பெட்டியைச் சுற்றி லயமே கூடியிருந்து கேட்டது. திறன்பேசி அத்தகையதன்று. மாதம் 1000 ரூபாய் ரீலோட் செய்யும் குடும்பம் மூன்றாண்டில் 36,000 ரூபாய் கொடுத்துவிடுகின்றது. அதாவது, அந்த எளிய பேசியின் விலையிலும் கூடுதலான தொகை சிறிது சிறிதாக, கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடுகின்றது. சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டுமன்று, செலவுக்கும் பொருந்தும் பழமொழியன்றோ!

இச்செலவு அண்மைக்காலத்தில் மேலும் ஏறியிருக்கின்றது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே ரூபாயின் பெறுமதி வீழ்ந்தபோது, இறக்குமதியாகும் பேசிகளின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் தொலைபேசிக் கட்டணங்கள் நூற்றுக்கு 20 வீதம் உயர்த்தப்பட்டன. 2024ஆம் ஆண்டு ஜனவரியிலே பெறுமதி சேர் வரி 18 வீதமாகியது; அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த கைத்தொலைபேசிகளும் அவ்வரிக்குள் கொண்டுவரப்பட்டன. ஆகவே முன்னெப்போதையும்விட இன்று ஆய்ந்து வாங்குதல் அவசியமாகின்றது.

பொதி வாங்குவோர் அதன் பெயரைப் பாராது உள்ளடக்கத்தைப் பார்த்தல் வேண்டும். சில பொதிகளில் சொல்லப்படும் தரவின் பெரும்பகுதி நள்ளிரவுக்குப் பின்னரே பயன்படுத்தத்தக்கது. விடியலில் வேலைக்கு எழும் வீட்டுக்கு நள்ளிரவுத் தரவு எதற்கு? சில பொதிகள் குறித்த சில செயலிகளுக்கு மட்டும் செல்லும். பாடசாலைப் பாடம் வேறொரு தளத்தில் இருந்தால் அவை உதவா. எழுத்துச் செய்தியும் குரற்பதிவும் மிகச் சிறிதளவு தரவையே உண்ணும். காணொளியோ பெருந்தீனி. தாழ்ந்த தரத்திலே ஒரு மணிநேரம் பார்த்தால் ஏறக்குறைய அரைக் கிகாபைட் செலவாகும். உயர்ந்த தரத்திலே அதன் பன்மடங்கு செலவாகும். ஆதலால் பாடத்தைத் தாழ்ந்த தரத்தில் பார்ப்பதொன்றே பொதியின் ஆயுளை இரட்டிப்பாக்கிவிடும்.

மறுபக்கத்து நியாயத்தையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. விலையுயர்ந்த பேசி எல்லோருக்கும் வீண் என்று கூறிவிட முடியாது. நக்கிள்ஸ் மலைக்கு வரும் பிரயாணிகளை வழிநடத்துபவர், வீட்டிலே விருந்தினரைத் தங்கவைத்து வருவாய் தேடுபவர், தைத்த ஆடைகளைப் படமெடுத்து விற்பவர் ஆகியோருக்குப் பேசியே கடை, பேசியே கணக்கப்பிள்ளை. அவர்களுக்கு நல்ல ஒளிப்படக் கருவி தொழிலுக்கு இட்ட முதலாகும். மேலும், சில நிறுவனங்கள் 2023, 2024ஆம் ஆண்டுகள் முதல் தம் உயர்ரகப் பேசிகளுக்கு ஏழாண்டு காலம் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தருவதாக அறிவித்துள்ளன. 175,000 ரூபாய்ப் பேசி ஏழாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 25,000 ரூபாய். 35,000 ரூபாய்ப் பேசி ஈராண்டிலே நின்றுவிட்டால் ஆண்டுக்கு 17,500 ரூபாய். வேறுபாடு முதலில் தோன்றியதைப் போல அத்துணைப் பெரிதன்று. ஆனால் அக்கணக்கு, பேசி ஒருமுறையேனும் கீழே விழாமலும், மலைமழையில் நனையாமலும், களவு போகாமலும் இருந்தால் மட்டுமே செல்லும். விலையுயர்ந்த பேசியின் திரை உடைந்தால், அதை மாற்றும் செலவிலேயே எளிய பேசியொன்றை வாங்கிவிடலாம் என்னும் நிலையும் நேர்வதுண்டு.

எனவே வாங்கப் புறப்படுவோர் கைக்கொள்ளத்தக்க ஒழுங்கு எளியது. முதலிலே, தம் வீட்டு வாசலிலே எந்த நிறுவனத்தின் அலை தெளிவாகக் கிடைக்கின்றது என்பதை அயலவரின் பேசியைக் கொண்டு சோதித்தல் வேண்டும். அந்நிறுவனம் பயன்படுத்தும் அலைவரிசைகளை வாங்கப்போகும் பேசி ஏற்குமா எனக் கடைக்காரரிடம் கேட்டல் வேண்டும். அடுத்து, பேசியின் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தை 1909 என்னும் இலக்கத்துக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிற் பதியப்பட்டதா என்பதை அறிதல் வேண்டும். பதியப்படாத புதிய பேசிகள் 2025ஆம் ஆண்டு ஜனவரி இறுதி முதல் இந்நாட்டு வலையமைப்புகளில் இணையா என ஆணைக்குழு அறிவித்துள்ளது. மலிவென்று வாங்கிய பேசி ஊமையாய்க் கிடந்தால் அதனினும் விலையுயர்ந்த பொருள் வேறில்லை. இறுதியாக, பேசியின் விலையோடு மூன்றாண்டுப் பொதியின் விலையையும் கூட்டி, அத்தொகையை நாட்சம்பளத்தால் வகுத்துப் பார்த்தல் வேண்டும். வரும் எண்ணைப் பார்த்து வீட்டார் அனைவரும் கூடி முடிவு செய்தல் வேண்டும். கணக்கிலே தேர்ந்த பிள்ளை வீட்டில் இருந்தால், அப்பிள்ளையையே வகுத்துச் சொல்லச் செய்யலாம். தாயின் நாள்கள் எத்தனை என்று தன் கையால் எழுதிப் பார்த்த பிள்ளை, கடைக்குப் போகுமுன்னரே பாதி விடையை அறிந்துவிடும்.

மலைக்கு அப்பாலுள்ள பள்ளத்தாக்குகளுக்குக் கோபுரம் அமைத்தல் அரசினதும் நிறுவனங்களினதும் கடமை. அதனை உரத்த குரலிற் கேட்பதற்கு மக்களுக்கு உரிமை உண்டு. கோபுரம் செய்ய வேண்டிய வேலையைத் தாயின் தோடு செய்யும் என்று எண்ணுவது மட்டும் தவறு. பேசி மனிதருக்கு ஊழியம் செய்யட்டும். பேசிக்காக மனிதர் நூறு நாள் ஊழியம் செய்ய வேண்டியதில்லை.