காற்றின் எதிரொலி



கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்கு மாணவர்களை அழைத்துச் சென்ற நாளொன்று என் நினைவுக்கு வருகிறது. பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் நின்ற தோழர்களை ஒரு சிறுவன் கூவி அழைத்தான். அவர்கள் செவிக்கு எட்டவில்லை. ஆளுக்கொரு கணத்தில் பலர் கூவினர். வெறும் இரைச்சலே எழுந்தது. நான் கையைத் தாழ்த்தியதும் நாற்பது பேரும் ஒருசேரக் குரல் கொடுத்தனர். உடனே மறுகுரல் வந்தது.

இதே உபாயத்தைத் திருப்பதிக்கு அருகிலுள்ள காதங்கி என்னும் ஊரில் காணலாம். அங்கே 130 மீட்டர் சதுர நிலத்தில், வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளில், 1024 யாகி ஆன்டெனாக்கள் நிற்கின்றன. ஒரு காலத்தில் நம் வீட்டுக் கூரைகளில் தொலைக்காட்சிக்காக மீன்முள்போல் நின்றனவே, அந்த இனத்தவைதாம். 1993 முதல் முழு அளவில் இயங்கும் இந்த ராடார், முகிலும் மழைத்துளியும் இல்லாத வெறுங்காற்றிலிருந்தே எதிரொலி பெறுகிறது. காற்றின் சிறு சுழல்கள் அனுப்பும் அவ்வெதிரொலி மிக மிக மெலிந்தது.

மெலிந்ததை எவ்வாறு கேட்பது? எல்லா ஆன்டெனாக்களிலும் வரும் அலைகளை முகட்டோடு முகடு பொருந்தக் கூட்டினால், அலையின் உயரம் 1024 மடங்காகும். சக்தியோ அதன் வர்க்கமாகும். இரைச்சலுக்கு இத்தகைய ஒழுங்கு இல்லை. அதன் சக்தி 1024 மடங்கே பெருகும். ஆகவே இரைச்சலை நோக்க, எதிரொலி 1024 மடங்கு மேலோங்கும். (சிறுவர்களின் குரல்கள் முகட்டோடு முகடு பொருந்துவதில்லை, ஆதலால் என் உவமை அரைகுறையானதே.) ஒவ்வோர் ஆன்டெனாவின் அலையையும் சிறிது முன்பின்னாக அமைத்தால், எதையும் அசைக்காமலே கற்றையை வேறு திசைக்குத் திருப்பலாம். அடுத்தடுத்த துடிப்புகளின் எதிரொலிகளையும் இவ்வாறே கூட்டுகின்றனர்.

இனி வேகம். ராடாரின் அலை வினாடிக்கு 5 கோடியே 30 லட்சம் முறை அதிர்வது. கற்றையின் வழியே காற்று வினாடிக்கு 1 மீட்டர் நகர்ந்தால், அவ்வெண்ணில் ஏற்படும் மாற்றம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு அதிர்வே! இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டைப் பிரித்தறியப் பல வினாடிகள் கேட்க வேண்டும். பின்னர் கணிப்பொறி, ஃபூரியே முறைப்படி அதிர்வுகளைப் பகுத்துக் காட்டும். தென்மேற்குப் பருவத்தில் நம் ஊரில் மேலைக்காற்று வீசுகையில், ஏறத்தாழ 16 கிலோமீட்டர் உயரத்தில் கீழைக்காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மிக்க வேகத்தில் பாய்வதை இம்முறையால் அளக்கின்றனர்.

ஆயினும் ஓர் இடையூறு உண்டு. காதங்கியைச் சுற்றிலும் குன்றுகள் உள்ளன. கல்வராயன் மலையடிவாரத்தில் ராடார் அமைத்தாலும் இதுவே நேரும். குன்றின் எதிரொலி காற்றினுடையதைக் காட்டிலும் வலியது. குன்று அசையாது, எனவே அதன் எதிரொலி வேகம் பூஜ்யம் என்ற புள்ளியில் விழும். அப்புள்ளியை நீக்கி, இருபுறப் புள்ளிகளின் சராசரியை அங்கே இடுவது வழக்கம். எளிதான வேலை என்று தோன்றும். ஆனால் நேர்மேலே நோக்கும் கற்றையில் காற்றின் ஏற்ற இறக்கம் பெரும்பாலும் வினாடிக்குச் சில சென்டிமீட்டரே. அதன் எதிரொலியும் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். குன்றை வெட்டும் கத்தி காற்றையும் வெட்டிவிடும்! குன்றுகளோ அருகில் உள்ளவை. அவற்றின் எதிரொலி முதற்சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அடங்கும். அதற்கு மேற்பட்ட உயரங்களில் கத்தியை எடுக்காதிருப்பதே முறை. கீழ் உயரங்களில் இட்ட அந்தச் சராசரிப் புள்ளியோ, அளந்து பெற்றதன்று, நாமே வைத்தது.