பிரிவினை மிரட்டலும் ஓட்டு நியாயமும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கேள்வி. ஒரு தேசத்தில் தேர்தல் முறை அக்கிரமமாய் இருக்கின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் நஷ்டப்படுகின்ற ஒரு பெரிய மாகாணம், “இந்த முறையை மாற்றுகிறாயா, அல்லது நான் பிரிந்து போய்விடட்டுமா?” என்று மிரட்டலாமா என்பதுதான் அந்தக் கேள்வி.

இது சும்மா வாதத்துக்காகக் கிளப்பிய கேள்வியல்ல. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2016-ஆம் வருஷத்துப் பிரசிடெண்டு தேர்தலுக்குப் பிறகு, கலிபோர்னியா மாகாணம் பிரிவதைப் பற்றி ஜனங்களின் ஓட்டைக் கேட்க வேண்டும் என்று சிலர் மனுப் போட்டுக் கிளம்பினார்கள். 2017-இல் அந்த மனுவைக் கைவிட்டார்கள். “நிஜமாகவே பிரிய வேண்டியதில்லை; பிரிவோம் என்று சொன்னால் போதும், பயந்துகொண்டு தேர்தல் முறையைத் திருத்துவார்கள்” என்று யோசனை சொல்லுகின்றவர்களும் உண்டு. அந்த யோசனையைத்தான் நாம் ஆராய்ச்சி செய்யப் போகிறோம்.

அமெரிக்காவின் சங்கதி நமக்கெதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஒருவனுடைய ஓட்டுக்கு ஒரு மதிப்பு, இன்னொருவனுடைய ஓட்டுக்கு வேறு மதிப்பு என்று எந்த நாட்டில் இருந்தாலும், அது பிறப்பினால் உயர்வு தாழ்வு சொல்லும் கொள்கைக்குக் கூடப்பிறந்ததேயாகும். பிறந்த ஜாதியைக் கொண்டு மதிப்புப் போடுவதற்கும், குடியிருக்கும் மாகாணத்தைக் கொண்டு மதிப்புப் போடுவதற்கும் அடிப்படையில் என்ன பேதம்?

முதலில் அவர்களுடைய குறையைப் பார்ப்போம். அமெரிக்காவில் பிரசிடெண்டை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாகாணத்துக்கும் ‘எலெக்டர்கள்’ என்று சில பேரை ஒதுக்கியிருக்கிறார்கள். மொத்தம் 538 பேர். 270 பேரைப் பிடித்தவர் பிரசிடெண்டு. கலிபோர்னியாவின் ஜனத்தொகை 2020 கணக்குப்படி 3 கோடியே 95 லட்சம். அதற்கு எலெக்டர்கள் 54. வயோமிங் என்கின்ற மாகாணத்தின் ஜனத்தொகை 5 லட்சத்து 77 ஆயிரம். அதற்கு எலெக்டர்கள் 3. வகுத்துப் பாருங்கள். வயோமிங்கில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பேருக்கு ஓர் எலெக்டர். கலிபோர்னியாவில் 7 லட்சத்து 32 ஆயிரம் பேருக்கு ஓர் எலெக்டர். அதாவது இங்கே நாலு மனிதர் சேர்ந்தால்தான் அங்கே ஒரு மனிதன்! செனட் என்னும் மேல்சபையிலோ இரண்டுக்கும் சரிசமமாய் ஆளுக்கு இரண்டு ஸ்தானங்கள்.

இதன் பலன் என்ன? 2000-ஆம் வருஷத்தில் கோர் என்பவர் தேசம் முழுவதிலும் 5 லட்சத்து 43 ஆயிரம் ஓட்டு அதிகம் வாங்கினார், பிரசிடெண்டானவரோ புஷ். 2016-இல் கிளிண்டன் அம்மையார் 28 லட்சத்து 68 ஆயிரம் ஓட்டு அதிகம் வாங்கினார், பிரசிடெண்டானவரோ டிரம்ப். 1876-இலும் 1888-இலும் இதே கதைதான். 2024-இல் அதிக ஓட்டு வாங்கியவரே பிரசிடெண்டும் ஆனார் என்பதனால் குறை தீர்ந்துவிட்டதென்று யாரும் சொல்ல முடியாது. பொய்த் தராசும் சில வேளையில் சரியான எடை காட்டும்.

இந்த முறை எப்படிப் பிறந்தது? 1787-இல் சட்டம் எழுதினவர்கள், தென்மாகாணங்களில் இருந்த கறுப்பு அடிமைகளை ஐந்தில் மூன்று மனிதராகக் கணக்கெடுத்து ஸ்தானங்களைப் பங்கிடலாம் என்று உடன்பாடு செய்துகொண்டார்கள். எலெக்டர் எண்ணிக்கையும் அந்தக் கணக்கின் மேலேயே கட்டப்பட்டது. அடிமைக்கு ஓட்டுக் கிடையாது. ஆனால் அவன் தலையை எண்ணி எஜமானனுக்கு அதிக எலெக்டர்! ஆட்டுக்கு வாயில்லை, ஆட்டின் பேரால் மேய்ப்பனுக்கு இரட்டைப் பங்கு என்பது போல. 1868-இல் இந்த ஐந்தில் மூன்று கணக்கு சட்டத்திலிருந்து நீங்கியது. பிறகு கறுப்பு மக்களை முழு மனிதராக எண்ணிக்கொண்டு, ஓட்டுப் போட வருபவர்களை மட்டும் வரி, படிப்புப் பரீட்சை என்று சொல்லித் தடுத்து, 1965-இல் பலமான சட்டம் வரும் வரையில் தென்மாகாண வெள்ளையர் அதே லாபத்தை அனுபவித்தார்கள்.

ஆகவே குறை உண்மையானது. 1787-இல் பெரிய மனிதர்கள் எழுதிவைத்தது என்பதற்காக அதை வேதம் போல் வைத்துக் கும்பிட வேண்டியதில்லை.

நிற்க, மிரட்டலின் கட்சியையும் யோக்கியமாய் எடுத்துச் சொல்லிவிடுகிறேன். “சட்டத்தைத் திருத்த வேண்டுமானால் இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், பிறகு 50 மாகாணங்களில் 38 ஒப்ப வேண்டும். லாபம் அடைகின்ற 13 மாகாணங்கள் மறுத்தால் தீர்ந்தது. 1969-இல் கீழ்ச்சபை பெருவாரியாக நேரடித் தேர்தலை ஒப்புக்கொண்டும், 1970-இல் செனட்டில் பேசிப் பேசியே அதைக் கொன்றுவிட்டார்கள். கெஞ்சிப் பார்த்தாயிற்று, இனி மிரட்டாமல் என்ன செய்வது? அழுத பிள்ளைக்குத்தானே பால்?” என்கின்றார்கள். இது லேசான வாதமல்ல.

ஆனால் இந்த வைத்தியத்தைச் செய்து பார்த்தவர்கள் முன்னமேயே இருக்கிறார்கள். 1814-ஆம் வருஷம் டிசம்பரில், ஹார்ட்போர்டு என்கின்ற ஊரில் வடகிழக்கு மாகாணங்களின் பிரதிநிதிகள் 26 பேர் கதவைச் சாத்திக்கொண்டு கூடினார்கள். அப்பொழுது இங்கிலாந்தோடு யுத்தம். இவர்களுடைய கப்பல் வியாபாரம் பாழாயிற்று. அந்தக் கூட்டம் கேட்ட சட்டத் திருத்தங்களில் ஒன்று எது தெரியுமா? அடிமைத் தலையை எண்ணிப் பிரதிநிதித்துவம் கொடுக்கும் அந்த ஐந்தில் மூன்று கணக்கை ஒழிக்க வேண்டும் என்பதே! மிகவும் நியாயமான கோரிக்கை. கூட்டம் பிரிவினைத் தீர்மானம் செய்யவில்லை. ஆனால் வெளியிலே தீவிரக்காரர்கள் பிரிவினை பேசிக்கொண்டிருந்தார்கள், அந்த நிழல் கூட்டத்தின் மேலும் விழுந்தது. கோரிக்கையை எடுத்துக்கொண்டு தூதர்கள் தலைநகரத்துக்குப் போய்ச் சேரும்போது, யுத்தம் முடிந்த செய்தியும் நியூ ஆர்லியன்ஸில் வெற்றி கண்ட செய்தியும் வந்து ஊரெல்லாம் கொண்டாட்டம். இவர்களைத் துரோகிகள் என்று சிரித்தார்கள். போன கையோடு திரும்பினார்கள். அவர்களுடைய பெடரலிஸ்டு கட்சி சில வருஷங்களில் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அடிமைக் கணக்கோ மேலும் 50 வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தது. மிரட்டலின் நிழல் படிந்ததனால் நியாயமும் சேர்ந்து கெட்டது என்பதைக் கவனியுங்கள்.

மிரட்டல் பலித்த இடமும் ஒன்று உண்டு. 1832-இல் தென் கரோலினா மாகாணம், இறக்குமதி வரியைக் கட்டாயமாக வசூலித்தால் பிரிந்துபோவோம் என்றது. 1833-இல் ஒரு பக்கம் படை அனுப்ப அதிகாரம் கொடுக்கும் சட்டமும், மற்றொரு பக்கம் வரியைக் குறைக்கும் சட்டமும் வந்தன. வரி குறைந்தது. ஆனால் அந்த மாகாணம் படித்துக்கொண்ட பாடம் என்ன? மிரட்டினால் கிடைக்கும் என்பதே. 1860-இல் லிங்கன் தேர்தலில் ஜெயித்ததும் முதல் முதலாகப் பிரிந்தது இதே தென் கரோலினாதான். அடிமை முறையைக் காப்பாற்ற 11 மாகாணங்கள் பிரிந்தன; 6 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். அதற்குப் பின் 1869-இல் அவர்களுடைய உயர்ந்த கோர்ட்டு, புரட்சியினாலோ மற்ற மாகாணங்களின் சம்மதத்தினாலோ அல்லாமல் எந்த மாகாணமும் பிரிய முடியாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகையால் இன்று கலிபோர்னியா மிரட்டினால், “சம்மதம் யார் கொடுப்பார்கள்?” என்று எதிரி சிரிப்பானே தவிர பயப்படமாட்டான்.

கோர்ட்டையும் விடுங்கள், கணக்கையே பாருங்கள். 2016-இல் கிளிண்டன் அம்மையாருக்குக் கலிபோர்னியாவில் மட்டும் கிடைத்த அதிகப்படி ஓட்டு சுமார் 42 லட்சத்து 70 ஆயிரம். தேசம் முழுவதிலும் அதிகப்படியோ 28 லட்சத்து 68 ஆயிரம்தான். அப்படியானால் கலிபோர்னியா வெளியே போய்விட்டால் என்ன ஆகும்? மிச்சமுள்ள தேசத்தில் டிரம்பே 14 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கினவர் ஆகிறார்! பழைய முறையினால் லாபமடைகின்றவனுக்கு இதைவிட நல்ல செய்தி வேறு உண்டா?

ஒரு கூட்டுக் குடும்பத்தில் அண்ணன் கணக்கைப் புரட்டுகிறான். தம்பி, “ஒழுங்காய்க் கணக்குக் காட்டு, இல்லாவிட்டால் பாகத்தைப் பிரித்துக்கொண்டு போவேன்” என்கிறான். அண்ணனோ, “மகராஜனாய்ப் போ” என்கிறான். இனிமேல் அந்த வீட்டில் கணக்குக் கேட்க ஆள் ஏது? தம்பி பிழைத்துக்கொள்வான், அண்ணன் கையில் அகப்பட்ட விதவைத் தங்கையும் சிறு பிள்ளைகளும் என்ன ஆவார்கள்? அது போலவே கலிபோர்னியா போய்விட்டால் தென்மாகாணங்களில் இருக்கின்ற கறுப்பு ஓட்டர்களுக்கும், மற்ற மாகாணங்களில் சீர்திருத்தம் விரும்புகின்ற கோடிக்கணக்கான மக்களுக்கும் பக்கபலம் போயிற்று. பாகம் வேண்டுகிறவன் பாகம் கேட்கட்டும். கணக்கு வேண்டுகிறவன் கணக்குக் கேட்கட்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கேட்டால் இரண்டும் போய்விடும்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று. மிரட்டல் யாருக்குக் கூடும்? ஜனமும் பணமும் மிகுந்த கலிபோர்னியாவுக்குக் கூடும். ஏழையான, சின்னஞ்சிறிய ஒரு மாகாணம் பிரிவேன் என்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஆகவே மிரட்டி வாங்கும் சீர்திருத்தம், “நான் மனிதன், எனக்கும் உனக்கும் சமமான ஓட்டு” என்று வாங்குவதல்ல; “நான் பலசாலி, என்னை இழந்தால் உனக்கு நஷ்டம்” என்று வாங்குவதாகும். பலத்துக்காகக் கொடுத்ததைப் பலம் குறைந்த அன்று பிடுங்கிக்கொள்வார்கள். சமத்துவத்தை மேல்சாதித் தோரணையில் கேட்டு வாங்க முடியுமா? எண்ணிப் பாருங்கள்.

பிரிகின்ற உரிமை யாருக்குமே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. சேர்ந்து வாழ முடியாது என்று முடிவு கட்டின மக்கள் அதை நேராகச் சொல்லி, நேராகப் பிரிய முயற்சிக்கட்டும். அது வேறு விவகாரம். போகின்ற எண்ணம் இல்லாமல் போவேன் என்பது வெறும் பூச்சாண்டி. பூச்சாண்டிக்கு ஒரு தரம்தான் பயப்படுவார்கள்.

அப்படியானால் வழி என்ன? தன் வீட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 2020-இல் டிரம்புக்குக் கலிபோர்னியாவில் 60 லட்சம் ஓட்டு விழுந்தது. வேறெந்த மாகாணத்திலும் அவருக்கு அவ்வளவு ஓட்டு விழவில்லை. அந்த 60 லட்சம் பேருக்குக் கிடைத்த எலெக்டர் எத்தனை? பூஜ்யம்! ஒரு ஓட்டு அதிகம் வாங்கினவனுக்கே எல்லா எலெக்டர்களும் என்பது கலிபோர்னியா தானே வைத்துக்கொண்டிருக்கும் சட்டம். தன் வாசலில் இந்த அக்கிரமத்தை வைத்துக்கொண்டு அடுத்த வீட்டை மட்டும் மிரட்டினால் யார் மதிப்பார்கள்? தான் ஒருத்தன் மட்டும் பங்கிட்டுக் கொடுத்தால் எதிர்க்கட்சிக்கு லாபம் என்று பயப்படுவதிலும் அர்த்தம் உண்டு. அதற்காகத்தான் மாகாணங்கள் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு வருகின்றன. தேசம் முழுவதிலும் அதிக ஓட்டு வாங்கினவருக்கே எங்கள் எலெக்டர்கள், ஆனால் 270 பேர் சேர்ந்த பிறகே இது அமுலுக்கு வரும் என்பது அந்த ஒப்பந்தம். 2007-இல் மேரிலாண்டு ஆரம்பித்தது. 2011-இல் கலிபோர்னியாவும் சேர்ந்தது. 2024-இல் மைன் மாகாணம் சேர்ந்தபோது 209 எலெக்டர்கள் ஆயிற்று. கோர்ட்டில் இதற்குத் தடை வரலாம். ஆனாலும் இது மிரட்டலல்ல, ஆள் சேர்க்கும் வேலை.

கடைசியாக, நான் குறைசொன்ன வயோமிங்கின் கதையைக் கேளுங்கள். அது மாகாணமாகாத காலத்தில், 1869-இலேயே பெண்களுக்கு ஓட்டுக் கொடுத்தது. தேசத்தோடு மாகாணமாய்ச் சேர மனுக் கொடுத்தபோது, பெண் ஓட்டைக் காட்டிப் பெரிய சபையில் பலர் ஆட்சேபித்தார்கள். வயோமிங் பெண்களின் ஓட்டைக் கைவிடவில்லை. 1890-இல் பெண் ஓட்டோடேயே உள்ளே வந்தது. தேசம் முழுவதிலும் பெண்களுக்கு ஓட்டு வர 1920 ஆயிற்று. ஒரு சிறு பிரதேசம் தன் வீட்டில் செய்து காட்டியதைத் தேசம் 50 வருஷம் கழித்துக் கற்றுக்கொண்டது. வயோமிங் ஜெயித்தது, போய்விடுவேன் என்று சொல்லியல்ல. செய்த நியாயத்தை விடமாட்டேன் என்று நின்று.

தோழர்களே! மிரட்டுகிறவன் கையில் இருப்பது பலம். செய்து காட்டுகிறவன் கையில் இருப்பது நியாயம். ஓட்டு நியாயம் வேண்டுமென்கின்றவர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். நான் சொன்னேன் என்பதற்காக இதை யாரும் நம்பிவிட வேண்டாம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சரித்திரத்தை நீங்களே படித்துப் பாருங்கள். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளுங்கள்.