ஷோகாகுகின்: ஒரே சொல்லுக்குள்ள உதவியும் கடனும்

இன்னைக்கு ஜப்பான் காலேஜ் பசங்களோட பர்ஸைத் திறந்து பார்க்கப் போறோம். அனிமே பார்க்கிறவங்களுக்கு ஜப்பான் மாணவர் வாழ்க்கைன்னா செர்ரிப் பூ, கிளப், கல்லூரித் திருவிழா, கொஞ்சம் காதல். அதெல்லாம் பொய் இல்லை. ஆனா அந்தக் கதைகள்ல அதிகமா வராத ஒண்ணு இருக்கு: மாசக் கணக்கு.

நான் டோக்கியோவில் முதுகலை படிச்சேன். அங்க நாலாம் ஆண்டு இளங்கலை மாணவர்களும் லேப்ல சேர்ந்துடுவாங்க. அதனால ஜப்பான் பசங்களோட தினமும் உட்கார்ந்து சாப்பிட, பேச வாய்ப்புக் கிடைச்சது. சாப்பாட்டு நேரத்துல பாடத்தைப் பத்திப் பேசினதைவிட பணத்தைப் பத்திப் பேசினதுதான் அதிகம்.

முதல்ல கட்டணம். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அரசாங்கம் நிர்ணயிச்ச தொகை வருஷத்துக்கு 5,35,800 யென். சேரும்போது ஒரு தடவை 2,82,000 யென் தனியா கட்டணும். கணக்குக்கு ஒரு யென் 60 பைசான்னு வச்சுக்கோங்க. வருஷக் கட்டணம் சுமார் மூணேகால் லட்சம் ரூபாய். 2005-ல இருந்து இந்தத் தொகை மாறலை. ஆனா அதுலேர்ந்து 20 சதவீதம் வரை கூட்டிக்கலாம்னு அனுமதி இருக்கு. அதைப் பயன்படுத்தி டோக்கியோ பல்கலைக்கழகம் 2025-ல 6,42,960 யென்னா உயர்த்திடுச்சு. இதே அரசுப் பல்கலைக்கழகங்கள்ல 1975-ல வருஷக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? 36,000 யென். இன்னொரு விஷயம், ஜப்பான்ல பெரும்பாலான மாணவர்கள் படிக்கிறது தனியார் பல்கலைக்கழகத்துல. அங்க கட்டணம் இன்னும் அதிகம்.

அடுத்து வீடு. வெளியூர்லேர்ந்து வர்றவங்க பெரும்பாலும் ஒத்தை ரூம் அபார்ட்மென்ட் எடுப்பாங்க. உள்ளே போறதுக்கு முன்னாடியே 'ஷிகிகின்', 'ரெய்கின்'னு ரெண்டு செலவு வரலாம். ஷிகிகின் நம்ம ஊர் அட்வான்ஸ் மாதிரி, காலி பண்ணும்போது பழுதுச் செலவைக் கழிச்சுட்டு மிச்சத்தைத் தருவாங்க. ரெய்கின் வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லிக் கொடுக்கிற பணம். அது திரும்ப வராது. இப்போ ரெய்கின் கேட்காத வீடுகளும் இருக்கு, பசங்க அதைத்தான் தேடுவாங்க.

வீட்டுலேர்ந்து மாசாமாசம் அனுப்புற பணத்துக்கு 'ஷிஒகுரி'ன்னு பேர். பல்கலைக்கழகக் கூட்டுறவுச் சங்கங்கள் வருஷாவருஷம் எடுக்கிற கணக்குப்படி, 1990-களோட நடுவுல இது சராசரியா மாசம் ஒரு லட்சம் யென்னைத் தாண்டியிருந்தது. சமீப வருஷங்கள்ல சுமார் 70,000. கட்டணமும் விலைவாசியும் ஏறியிருக்கு, வீட்டுலேர்ந்து வர்றது குறைஞ்சிருக்கு. இந்த இடைவெளியை நிரப்புறது ரெண்டு விஷயம்: ஒண்ணு வேலை, இன்னொண்ணு கடன்.

வேலைக்கு அங்க 'அருபைத்தோ'ன்னு பேர், சுருக்கமா பைத்தோ. வேலைன்னு பொருள் தர்ற ஜெர்மன் சொல்லுலேர்ந்து வந்தது. கொம்பினின்னு சொல்ற 24 மணி நேரக் கடை, இஸகாயான்னு சொல்ற மதுக்கடை உணவகம், டியூஷன் சென்டர், இப்படி எல்லா இடத்துலயும் மாணவர்கள்தான். டோக்கியோவில் 2025 அக்டோபர்லேர்ந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,226 யென்.

"அப்போ நிறைய வேலை பார்த்துச் சம்பாதிக்கலாமே"ன்னு தோணும். அங்கதான் 'சுவர்' வருது. ஜப்பான்ல எல்லாரும் பேசுற சொல் இது. 2024 வரைக்கும் பிள்ளையோட வருஷச் சம்பளம் 10,30,000 யென்னைத் தாண்டினா, அப்பா அம்மாவுக்குக் கிடைக்கிற வரிச்சலுகை போயிடும்னு இருந்தது. குறைந்தபட்சக் கூலியில இது மாசம் சுமார் 70 மணி நேர வேலை. அதனால நவம்பர், டிசம்பர் வந்தாலே பசங்க சம்பளச் சீட்டைக் கூட்டிப் பார்த்துட்டு ஷிஃப்டைக் குறைச்சுக்குவாங்க.

2025-ல இந்தச் சுவரை 19-லேர்ந்து 22 வயசு வரைக்கும் இருக்கிறவங்களுக்கு 15,00,000 யென்னா உயர்த்தினாங்க. நல்ல சேதிதான். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. அந்த எல்லை வரைக்கும் சம்பாதிக்க மாசம் சுமார் 100 மணி நேரம் வேலை பார்க்கணும். அந்தக் கூடுதல் 30 மணி நேரம் தூக்கத்துலேர்ந்தோ படிப்புலேர்ந்தோதான் வரணும். சுவரைத் தள்ளி வச்சதால பையனுக்குக் கிடைச்சது பணம் இல்லை, இன்னும் கொஞ்சம் உழைக்க அனுமதி.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். 'ஷோகாகுகின்'. எழுத்துக்கு எழுத்து பொருள் சொன்னா, படிப்பை ஊக்குவிக்கிற பணம். எனக்குக் கிடைச்சது ஜப்பான் அரசு வெளிநாட்டு மாணவர்களுக்குத் தர்ற ஷோகாகுகின், திருப்பிக் கட்ட வேண்டாம். ஒருநாள் கேன்டீன்ல இதைப் பத்திப் பேச்சு வந்தப்போ என் லேப் ஜூனியர் ஒருத்தன், "நானும் ஷோகாகுகின்தான் வாங்குறேன். அடுத்த வருஷம் அக்டோபர்ல ஆரம்பிக்குது"ன்னான். என்ன ஆரம்பிக்குதுன்னு கேட்டேன். "கட்டுறது"ன்னான்.

ரெண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னோம். என்னோடது உதவித்தொகை, அவனோடது கடன்.

ஜப்பான்ல பல்கலைக்கழக மாணவர்கள்ல ஏறக்குறைய பாதிப் பேர் ஷோகாகுகின் வாங்குறாங்க. அதுல பெரும்பகுதி 'ஜாஸ்ஸோ'ங்கிற அரசு சார்ந்த அமைப்பு தர்றது. அதுல வட்டி இல்லாத கடன் ஒரு வகை, வட்டி உள்ள கடன் இன்னொரு வகை. வட்டிக்கு 3 சதவீதம்னு உச்சவரம்பு இருக்கு. என் ஜூனியர் வாங்கினது வட்டி உள்ளது, மாசம் 80,000 யென். நாலு வருஷத்துல 38,40,000. நம்ம பணத்துல 23 லட்சம். மார்ச்ல பட்டம் வாங்கினா அக்டோபர்ல முதல் தவணை. இருபது வருஷம், வட்டி சேர்க்காமலே மாசம் 16,000 யென். 22 வயசுல ஆரம்பிச்சா 42-ல முடியும்.

இதுக்கு ஜாமீனும் வேணும். மாசாமாசம் ஒரு தொகையைக் கழிச்சுக்க விட்டா ஒரு நிறுவனமே ஜாமீன் நிற்கும். இல்லைன்னா அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடணும், கூடவே தனிக் குடும்பமா இருக்கிற சொந்தக்காரர் ஒருத்தரும் போடணும். என் ஜூனியருக்குப் போட்டது அவனோட மாமா. "புத்தாண்டுக்கு அவர் வீட்டுக்குப் போறப்பல்லாம் அந்தக் கையெழுத்து ஞாபகம் வரும்"னு சொன்னான். மூணு மாசம் தவணை தவறினா கடன் தகவல் பதிவேட்டுல பேர் ஏறும். அதுக்கப்புறம் கிரெடிட் கார்டு, வீட்டுக் கடன் எல்லாமே சிக்கல்.

இந்தக் கடன் வேலையையும் சேர்த்துத் தீர்மானிக்குது. ஜப்பான்ல பட்டம் வாங்கினவங்களைக் கம்பெனிகள் மொத்தமா ஏப்ரல் முதல் தேதி சேர்த்துக்குவாங்க. அதுக்கான தேடல், 'ஷூகாட்ஸு', மூணாம் ஆண்டுலயே ஆரம்பிச்சுடும். எல்லாரும் ஒரே மாதிரி கறுப்பு சூட். இன்டர்வியூவுக்கு அலையுற மாசங்கள்ல பைத்தோ குறையும், ரயில் செலவு கூடும். அக்டோபர்ல தவணை காத்துக்கிட்டு இருக்குன்னு தெரிஞ்சவன், பிடிச்ச வேலைக்காக ஒரு வருஷம் பொறுத்துப் பார்க்க மாட்டான். என் ஜூனியருக்கு மேல படிக்க ஆசை இருந்தது. முதல்ல கிடைச்ச வேலையில சேர்ந்துட்டான்.

நிலைமை அப்படியே நிக்கலை. திருப்பித் தர வேண்டாத ஜாஸ்ஸோ உதவித்தொகை 2017-லதான் ஆரம்பிச்சது. 2020-ல குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அதை விரிவாக்கி, கட்டணச் சலுகையும் சேர்த்தாங்க. 2025-லேர்ந்து மூணு அல்லது அதுக்கு மேல பிள்ளைகளை வளர்க்கிற குடும்பங்களுக்கு, வருமான வரம்பு பார்க்காம, ஒரு உச்சவரம்பு வரைக்கும் கட்டணம் தள்ளுபடி. ஊழியரோட கடனைக் கம்பெனியே நேரா ஜாஸ்ஸோவுக்குக் கட்டுற வழியும் 2021-லேர்ந்து இருக்கு. ஆனா ரெண்டு பிள்ளை, நடுத்தர வருமானம்னு இருக்கிற வீட்டுக்கு இதுல பெருசா எதுவும் கிடைக்கிறதில்லை. என் ஜூனியர் வீடு அப்படித்தான்.

தமிழ்ல நமக்கு ரெண்டு சொல் இருக்கு. உதவித்தொகை வேற, கல்விக் கடன் வேற. ஜப்பான்ல ஒரே சொல்லுக்கு முன்னாடி 'கியூஃபு'ன்னு இருந்தா கொடை, 'தய்யோ'ன்னு இருந்தா கடன். பேச்சுல அந்த முன்சொல் காணாமப் போயிடும். பதினெட்டு வயசுப் பிள்ளைகிட்ட "உனக்கு ஷோகாகுகின் கிடைச்சிருக்கு"ன்னு சொன்னா, அது வாழ்த்து மாதிரிதான் கேட்கும்.

ஜப்பானோ ஜெர்மனியோ, எங்க படிக்கப் போறதா இருந்தாலும், ஸ்காலர்ஷிப்னு யாராவது ஒரு பேப்பரை நீட்டினா மூணு கேள்வி கேளுங்க. இதைத் திருப்பிக் கட்டணுமா? கட்டணும்னா எந்த மாசத்துலேர்ந்து? நான் கட்டலைன்னா யார் வீட்டுக் கதவைத் தட்டுவாங்க? பதில் பேப்பர்லயே இருக்கும், பெரும்பாலும் சின்ன எழுத்துல. படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க.