ரயில் பார்க்காத பிள்ளைக்கு ஒரு வண்டிப் புத்தகம்



அங்கன்வாடிச் சுவரில் வாகனப் படம் போட்ட தாள் ஒன்று தொங்கும். நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே தாள்தான். கார், பஸ், லாரி, சைக்கிள், ஆட்டோ, ரயில், விமானம். கடைசி வரிசையில் ஓரமாக ஒரு கப்பல். டீச்சர் தொட்டுக் காட்டுவார், பிள்ளைகள் ஒரே குரலில் பெயர் சொல்வார்கள். மதுரையிலும் சேலத்திலும் இந்தத் தாளில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்தமானின் வண்டூரில் மாட்டும்போதுதான் இடறுகிறது. அங்கே ரயில் கிடையாது. வடக்கே திக்லிப்பூர் வரைக்கும் ரயில் பாதை போடலாம் என்று பேச்சு எழுந்தது. தண்டவாளம் இன்னும் வரவில்லை. வண்டூர்ப் பிள்ளையும் 'ரயில்' என்று சத்தமாகச் சொல்லிவிடும். அது கண்டு சொன்ன பெயர் அல்ல, கேட்டுச் சொன்ன பெயர். கண்டு சொல்ல அந்தப் பிள்ளையிடம் எத்தனையோ இருக்கின்றன. அவற்றுக்கு அந்தத் தாளில் இடம் இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்கான வண்டி வாகனப் படப் புத்தகங்களைப் பற்றி இன்று பேசப்போகிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: ஒரு பிள்ளையின் முதல் வண்டிப் புத்தகம், அந்தப் பிள்ளை ஏறி இறங்குகிற வண்டியிலிருந்து தொடங்க வேண்டும். ரயில் அடுத்த புத்தகத்தில் வரட்டும்.

வண்டூர், ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து, அதாவது பழைய பழக்கத்தில் நாம் போர்ட் பிளேர் என்றே சொல்லிக்கொண்டிருக்கும் நகரத்திலிருந்து, சுமார் 30 கிலோமீட்டர். 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவுக்கு இந்த ஊர்தான் வாசல். 281 சதுர கிலோமீட்டர் பரப்பு, 15 தீவுகள். அவற்றில் ஜாலி பாய், ரெட் ஸ்கின் தீவுகளுக்கு இங்கே இருக்கும் ஜெட்டியிலிருந்துதான் படகு புறப்படுகிறது. ஆக, இந்த ஊர்ப் பிள்ளையின் கண்ணில் படும் வாகனங்களை எண்ணிப் பாருங்கள். நகரத்திலிருந்து வரும் பஸ். பயணிகளை இறக்கிவிட்டு நிழலில் நிற்கும் டாக்ஸி. மீன் பிடிக்கப் போகும் டுங்கிப் படகு. தீவுக்கு ஆள் ஏற்றும் பெரிய படகு. அடிப்பாகத்தில் கண்ணாடி பதித்த சின்னப் படகு. அவ்வப்போது தலைக்கு மேலே ஹெலிகாப்டர். மெயின்லேண்டில் இருக்கும் தாத்தா பாட்டியைப் பார்க்கப் போனால் சென்னைக் கப்பல். ஏறக்குறைய மூன்று நாள் கடல். தமிழ்நாட்டில் ஒரு நகரத்துப் பிள்ளைக்கு இதில் பாதி கூட வாய்க்காது. இப்படிப்பட்ட ஊரில் வளரும் பிள்ளை, புத்தகத்தைத் திறந்ததும் தன் ஊர் அதில் இல்லை என்று நினைத்துக்கொள்ளலாமா?

முதலில் ஒரு கேள்வி. சின்னப் பிள்ளைகளுக்கு வண்டி என்றால் ஏன் இத்தனை ஆசை? பெற்றோர் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பிள்ளை பொம்மை லாரியைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும். வண்டி நகர்கிறது, சத்தம் போடுகிறது, தன்னைவிடப் பெரிதாக இருக்கிறது, ஆனாலும் ஓட்டுகிறவர் சொன்னபடி கேட்கிறது. எங்கே போகலாம், எப்போது போகலாம் என்பதையெல்லாம் பெரியவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். புத்தகத்தில் மட்டும் பக்கத்தைப் புரட்டினால் வண்டி புறப்படும். புரட்டாமல் பிடித்துக்கொண்டால் நிற்கும். அங்கே டிரைவர் அந்தப் பிள்ளைதான். இந்த ஆசை பையன்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்து, பெண் பிள்ளைக்குப் பூப் புத்தகமும் பையனுக்கு லாரிப் புத்தகமும் வாங்கித் தருவது நம் பழக்கம். அந்தப் பழக்கத்தை விட்டுவிடலாம்.

வண்டிப் படம் பிள்ளைகளின் புத்தகத்துக்கு வந்தது நேற்று இன்று அல்ல. கொமீனியஸ் என்ற கல்வியாளர் 1658-இல் நியூரம்பர்க் நகரில் வெளியிட்ட 'ஆர்பிஸ் பிக்டஸ்' நூலைப் பிள்ளைகளுக்கான படப் புத்தகங்களின் முன்னோடி என்று சொல்வார்கள். அதிலேயே வண்டிகளுக்கும், ஆற்றைக் கடப்பதற்கும், வணிகக் கப்பலுக்கும், கப்பல் உடைவதற்கும் தனித்தனிப் பாடங்கள் இருக்கின்றன. படத்தில் ஒவ்வொரு உறுப்புக்கும் எண் போட்டு, அதே எண்ணை எழுத்திலும் போட்டு, எது பாய்மரம், எது சுக்கான் என்று பிள்ளையே கண்டுபிடிக்கும்படி செய்திருந்தார்.

நம்மைப் போன்ற துறைமுகத்துக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய புத்தகம் ஒன்று உண்டு. ஹார்டி கிராமட்கி 1939-இல் எழுதி வரைந்த 'லிட்டில் டூட்'. நியூயார்க் துறைமுகத்தில் ஒரு குட்டி இழுவைப் படகு. பெரிய கப்பல்களை இழுத்துப் போவதுதான் அதன் குடும்பத் தொழில். இதுவோ வேலை செய்யாமல் விளையாடித் திரிகிறது. புயல் நாளில் ஒரு பயணிகள் கப்பல் பாறைக்கிடையில் மாட்டிக்கொள்ள, இந்தக் குட்டிதான் காப்பாற்றுகிறது. கதை எளிமையானது. கிராமட்கி தான் பார்த்த துறைமுகத்தை வரைந்தார், அதனால் அது நின்றது.

இன்னொருவர் டொனால்ட் க்ரூஸ். 1978-இல் வந்த அவருடைய 'ஃப்ரெய்ட் ட்ரெய்ன்' புத்தகத்தில் முதலில் வெறும் தண்டவாளம். பிறகு ஒவ்வொரு நிறத்தில் ஒவ்வொரு பெட்டி. கடைசியில் கறுப்பு எஞ்சின். ரயில் ஓடத் தொடங்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று குழைந்து கோடாக நீள்கின்றன. வேகத்தைச் சொல்ல ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. ரயிலையே பார்க்காத பிள்ளைக்கும் அந்தப் பக்கத்தில் ரயில் ஓடும். 1980-இல் அவர் செய்த 'ட்ரக்' புத்தகத்தில் கதை வரி என்று ஒன்றுமே இல்லை. ஒரு சிவப்பு லாரி போகிறது, மழையிலும் மூடுபனியிலும் போய்ச் சேருகிறது, அவ்வளவுதான்.

வார்த்தை இல்லாத புத்தகம் என்றதும் எனக்கு நம் தீவுதான் நினைவுக்கு வருகிறது. ஒரே அங்கன்வாடியில் வங்காளி வீட்டுப் பிள்ளை, தமிழ் வீட்டுப் பிள்ளை, தெலுங்கு, மலையாளம், இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். எந்த மொழியில் அச்சடித்தாலும் யாராவது ஒருவர் வீட்டில் படித்துக் காட்ட ஆள் இருக்காது. எழுத்தே இல்லாத படகுப் புத்தகம் ஒன்றிருந்தால் ஒவ்வொரு அம்மாவும் தன் மொழியில் அதைச் சொல்லலாம். படிக்கத் தெரியாத பாட்டியும் சொல்லலாம்.

சரி, நம் ஊரில் வரைய என்ன இருக்கிறது? கையில் பென்சிலோடு நீங்களும் கேளுங்கள்.

ஜாலி பாய்ப் பயணம் அப்படியே ஒரு புத்தகம். ஜெட்டியில் பையைச் சோதித்து, பிளாஸ்டிக்கை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைக்கு அது முதல் பக்கம். பெரிய படகு புறப்படுகிறது. இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு, நடுவில் பச்சைத் தண்ணீர். தீவு வந்துவிட்டது; ஆனால் பெரிய படகு கரையை ஒட்ட முடியாது, அங்கே துறை இல்லை. ஆகவே எல்லோரும் கண்ணாடி அடிப் படகுக்கு மாறுகிறார்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் காலுக்குக் கீழே பவளமும் மீனும். வாகனமே ஜன்னலாக மாறுகிற இந்தப் பக்கம் உலகத்தில் எல்லா ஓவியருக்கும் கிடைக்காது. மழைக்காலத்தில் ஜாலி பாயை மூடிவிட்டு ரெட் ஸ்கின்னுக்குப் படகு விடுகிறார்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்கு அதுவும் ஆகும்.

இன்னொரு புத்தகம், பஸ் ஏறும் படகு. வடக்கே போகும் பஸ் மிடில் ஸ்ட்ரெயிட் வந்ததும் கடல் குறுக்கே நிற்கிறது. ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த பஸ் இப்போது தானே ஒரு படகில் ஏறுகிறது. அக்கரையில் பாராடாங். இத்தனை நேரம் சுமந்தது இப்போது சுமக்கப்படுகிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வேடிக்கை உண்டா? ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அந்தச் சாலை ஜாரவா மக்களின் காடு வழியே போகிறது. குறித்த நேரத்தில் வண்டிகள் வரிசையாகத்தான் போக வேண்டும், இடையில் நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. புத்தகத்திலும் அந்த மரியாதை இருக்கட்டும். காட்டை வரையுங்கள், வண்டி வரிசையை வரையுங்கள். அந்த மக்களைக் காட்சிப் பொருளாக வரையாதீர்கள்.

நிக்கோபாரின் ஹோடிப் படகு மூன்றாவது. குடைந்த மரத்துக்குப் பக்கத்தில், குறுக்குக் கழிகளோடு கட்டிய ஒரு மிதவை இருக்கும். அலை ஒரு பக்கம் சாய்க்கப் பார்க்கும். மிதவை சாய விடாது. எப்படி இயங்குகிறது என்று காட்டுவதும் வண்டிப் புத்தகத்தின் வேலைதான். 2010 டிசம்பரில் தொடங்கிச் சில ஆண்டுகள் பறந்த 'ஜல் ஹன்ஸ்' கடல் விமானத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். தண்ணீரில் இறங்கி, தண்ணீரிலிருந்தே ஏறிய விமானம் அது.

வரையும்போது அச்சு அசலாக வரவேண்டும் என்று பயப்பட வேண்டாம். மத்தியப் பிரதேசத்தின் பாடன்கட் கிராமத்துக் கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷியாம் லண்டனுக்குப் போய்வந்து வரைந்த 'தி லண்டன் ஜங்கிள் புக்' நூலைச் சென்னையின் தாரா புக்ஸ் 2004-இல் வெளியிட்டது. அவர் கண்ணுக்குப் பூமிக்கடியில் ஓடும் ரயில் மண்புழுவாகத் தெரிந்தது. தன்னை வழிதவறாமல் கொண்டுசேர்த்த 30-ஆம் எண் பஸ் விசுவாசமுள்ள நாயாகத் தெரிந்தது. லண்டன்காரர்கள் தங்கள் ஊரை அந்தக் கண்ணால் பார்த்து வியந்தார்கள். வண்டூர் ஓவியருக்கும் அந்தச் சுதந்திரம் உண்டு. ஆனால் ஒன்று: உறுப்புகளைத் தப்பாக வரையாதீர்கள். படகின் எஞ்சின் எங்கே இருக்கிறது, கயிற்றை எதில் கட்டுகிறார்கள் என்பது மீனவர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். தப்பாக வரைந்தால் முதலில் அந்தப் பிள்ளைதான் சிரிக்கும். பயணிகளுக்கு லைஃப் ஜாக்கெட் போட்டு வரையுங்கள். ஜான் பர்னிங்ஹாம் 1970-இல் எழுதிய 'மிஸ்டர் கம்பீஸ் அவுட்டிங்' புத்தகத்தில் படகில் ஏறிய பிள்ளைகளும் விலங்குகளும் சொன்ன பேச்சைக் கேட்காமல் ஆட்டம் போட, படகு கவிழ்ந்துவிடும். எல்லோரும் நனைந்தபடி கரையேறுவார்கள். படகில் ஏன் அசையாமல் உட்கார வேண்டும் என்பதைப் பிள்ளை சிரித்துக்கொண்டே தெரிந்துகொள்ளும்.

புத்தகம் எங்கே கிடைக்கும்? சென்னையில் 1996 முதல் இயங்கும் தூலிகா பதிப்பகம் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் படப் புத்தகம் போடுகிறது. இரண்டு மொழியைச் சேர்த்து அச்சிட்டவையும் உண்டு. நேஷனல் புக் டிரஸ்டின் விலை குறைந்த குழந்தை நூல்கள் இருக்கின்றன. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாகப் படிக்கலாம், அச்சடித்துக்கொள்ளலாம், நாமே மொழிபெயர்த்து ஏற்றலாம். ரயில் புத்தகமும் அங்கே தேடி எடுங்கள். நம் பிள்ளைக்கு ரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தன் படகைப் புத்தகத்தில் பார்த்துவிட்ட பிள்ளை, பார்க்காத ரயிலையும் தைரியமாக எட்டிப் பார்க்கும்.

காசு கொடுத்து வாங்க முடியாதவர்கள் வீட்டிலேயே செய்யலாம். பழைய அட்டைப் பெட்டியை ஒரே அளவாக எட்டுத் துண்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வாகனம். படம் வரைய வராது என்றால் செய்தித்தாளில் வந்ததை ஒட்டுங்கள். ஓரத்தில் துளை போட்டுக் கயிறு கோத்தால் புத்தகம். நம் தீவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை. காகிதம் பூஞ்சை பிடிக்கும். அதனால் படத்தின் மேல் அகல டேப் ஒட்டிவிடுங்கள், வெயில் அடிக்கும் நாளில் விரித்து வையுங்கள். அட்டை என்பதால் ஒரு வயதுப் பிள்ளை கடித்தாலும் தாங்கும்.

படித்துக் காட்டும்போது பரீட்சை வைக்காதீர்கள். 'இது என்ன, அது என்ன' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளை எழுந்து போய்விடும். சத்தம் போடுங்கள். டுங்கியின் டுக் டுக், பஸ்ஸின் பாம் பாம், ஹெலிகாப்டரின் பட பட. பிள்ளை அதே பக்கத்தைப் பத்துத் தடவை கேட்டாலும் அலுத்துக்கொள்ளாமல் புரட்டுங்கள். அடுத்த நாள் ஜெட்டிப் பக்கம் போனால் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். படத்தில் இருப்பதையும் தண்ணீரில் இருப்பதையும் பிள்ளை மாறி மாறிப் பார்க்கட்டும்.

தீவின் ஆசிரியர்களுக்கும், ஓவியம் தெரிந்த இளைஞர்களுக்கும், பதிப்பகத்தாருக்கும் என் வேண்டுகோள் இதுதான். வண்டூர் ஜெட்டியை வைத்து ஒரே ஒரு படப் புத்தகம் செய்யுங்கள். பதினாறு பக்கம் போதும், எழுத்து இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அங்கன்வாடிச் சுவரில் இருக்கும் அந்தத் தாளுக்குப் பக்கத்தில் அதையும் வையுங்கள். எதைப் பிள்ளைகள் முதலில் எடுக்கிறார்கள் என்று நீங்களே பாருங்கள்.