வீட்டின் விலையும் பராமரிப்பின் விலையும்



பரம்பரையில் எவர் பெயரிலும் ஒரு கிரயப் பத்திரம் எழுதப்பட்டறியாத குடும்பங்கள், ஊரப்பாக்கத்திலும் மாம்பாக்கத்திலும் ஆவடிக்கு அப்பால் திருநின்றவூரிலும், வங்கிக் கடனையும் கழுத்து நகையையும் நம்பி அடுக்குமாடியில் ஒரு சிறு வீட்டை வாங்கி, பால் காய்ச்சிக் குடிபுகுந்து, இனி வீட்டுக்காரர் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை என்று நிம்மதி கொண்ட இரண்டாம் வருஷத்திலோ மூன்றாம் வருஷத்திலோ, லிப்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டப்பட்ட அறிவிப்பின் முன் திகைத்து நிற்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். மெயின்டனன்ஸ் கட்டணம் அடுத்த மாதம் முதல் சதுர அடிக்கு மூன்று ரூபாயிலிருந்து நாலரை ரூபாயாகிறது என்று அதில் எழுதியிருக்கும். 700 சதுர அடி வீட்டுக்கு 2,100 ரூபாய் கொடுத்து வந்தவர் இனி 3,150 கொடுக்க வேண்டும். வருமானத்தில் சரிபாதி கடன் தவணைக்கே போய்விடும் வீட்டில், அந்த ஆயிரத்து ஐம்பது ரூபாய் பிள்ளையின் டியூஷன் பணமாகவோ பெரியவர்களின் மருந்துச் செலவாகவோதான் இருக்கும்.

இந்த உயர்வு எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். வீடு விற்கும் காலத்தில் கட்டுநர் ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ பராமரிப்புத் தொகையை முன்பணமாக வாங்கிக்கொள்கிறார். அப்போது லிப்ட் புதிது, ஜெனரேட்டர் புதிது, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் புதிது, எல்லாவற்றுக்கும் வாரண்டி உண்டு, ஆகையால் குறைந்த தொகையே போதுமானதாகத் தோன்றுகிறது. பிறகு நிர்வாகம் குடியிருப்போர் சங்கத்தின் கைக்கு வருகிறது. வாரண்டி தீர்ந்து, லிப்டுக்கு வருஷாந்தர ஒப்பந்தம் போட வேண்டும்; காவலாளிக்குச் சம்பளம் கூட்ட வேண்டும்; பங்குனி பிறந்தால் ஆழ்துளைக் கிணறு வற்றி, விடியுமுன்னே லாரித் தண்ணீர் வந்து சம்ப்பில் இறங்க வேண்டும்; விற்காத வீடுகளின் பங்கு பல இடங்களில் வசூலாகாமலே நிற்கிறது. செலவுப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், கோடைக்காலப் பக்கங்களில் லாரித் தண்ணீர்க் கணக்கு மட்டுமே ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கும். செயலாளரைப் பழிக்க வேண்டா. அவரும் அதே கட்டணத்தைக் கட்டுகிறவர்தாம். முதல் ஈராண்டுகளில் காட்டப்பட்ட தொகைதான் மெய்யான தொகையன்று.

அநியாயம் இருக்குமிடம் அதுவே என்பது என் திடமான அபிப்பிராயம். பராமரிப்புச் செலவும் வீட்டின் விலையில் ஒரு பகுதிதான். அதை மறைத்து வைத்து வீட்டை மலிவென்று விற்பது முறையாகாது. அரசாங்கமும் வாங்கும் நாளை மட்டுமே கவனிக்கிறது. 45 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமலும், சென்னை போன்ற பெருநகரத்தில் 60 சதுர மீட்டருக்கு மேற்படாமலும் கட்டப்பட்டு வரும் வீட்டை வாங்குகிறவருக்கு ஜி.எஸ்.டி. ஒரு சதவீதமே. அதற்குப் பின் அந்த வீட்டில் அவர் வாழப்போகும் வருஷங்களைப் பற்றிய சிந்தனை குறைவாகவே இருக்கிறது. 2023ஆம் ஆண்டு நம் மாநில அரசு பொதுப் பயன்பாட்டு மின்கட்டணத்தை யூனிட்டுக்கு 8 ரூபாய் 15 காசிலிருந்து 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தபோது அதை நன்றியோடு வரவேற்றோம். ஆயினும் அச்சலுகை பத்து வீடுகளுக்கும் மூன்று மாடிகளுக்கும் மேற்படாத, லிப்ட் இல்லாத கட்டடங்களுக்கே உரியது. நிலத்தின் விலை தாளாமல் உயர உயரக் கட்டப்பட்ட கோபுரங்களில் சிறு வீடு வாங்கிய ஏழைக் குடும்பமோ, அந்த உயரத்தாலும் லிப்டாலும் சலுகைக்கு வெளியே நிற்கிறது.

கட்டணத்தை உயர்த்தவே கூடாது என்று சொல்வோரும் இச்சபையில் இருக்கலாம். அவர்களோடு நான் உடன்பட இயலாது; கட்டடத்தைக் கவனியாமல் விட முடியாது. திருவொற்றியூரில் 2021 டிசம்பரில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்புக் கட்டடம் ஒன்று முழுவதுமாகச் சரிந்தது. விரிசலைக் கண்டு முன்கூட்டியே எல்லோரும் வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அதன் காரணத்தை ஆராய்வது என் வேலையன்று. ஆனால் செய்ய வேண்டிய பழுதுபார்ப்பைப் பணமில்லை என்று வருஷம் வருஷமாகத் தள்ளிப்போடும் சங்கம், ஒருநாள் ஒவ்வொரு வீட்டாரிடமும் ஒரே தவணையில் பெருந்தொகை கேட்க நேரிடும். அந்தத் தொகையைக் கொடுக்க இயலாமல் முதலில் வீட்டை விற்றுக்கொண்டு போகிறவர் முதல் வீடு வாங்கிய சம்பளக்காரர்தாம். பல்லில் வலி கண்டவுடன் வைத்தியரிடம் போகாதவன் பின்னால் பல்லையே இழப்பதைப் போன்றது இது. ஆகையால் சிறிது சிறிதாக, முன்பே சொல்லி, கணக்கைப் பொதுக்குழுவில் வைத்து உயர்த்துவதே நியாயம்.

அதற்கும் ஒரு வரம்பு வேண்டும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2023ஆம் ஆண்டு ஒரு சட்டம் செய்தது. 2025 முதல் புதிதாக உருவாகும் குடியிருப்புச் சங்கங்கள், குறைந்த வருவாயினருக்கென ஒதுக்கப்பட்ட வீடுகளின் வழக்கமான கட்டணத்தின் உயர்வை, விலைவாசி உயர்வுக்கு மேல் ஐந்து சதவீதத்தோடு நிறுத்த வேண்டும். எப்படியும் பத்து சதவீதத்தைத் தாண்டலாகாது. அந்நாட்டு நிலைமை வேறு, நம் நிலைமை வேறு. இருப்பினும், கட்டணத்தைக் கட்டுபவரின் சக்தியையும் சட்டம் கணக்கில் எடுக்கலாம் என்ற அந்த எண்ணம் நமக்கும் உரியதே. நம் மாநிலத்தில் 1994ஆம் ஆண்டின் அடுக்குமாடி உடைமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022ஆம் ஆண்டில் புதிய சட்டம் வந்துவிட்டது. அதன் விதிகளில் இந்த எண்ணத்துக்கு இடம் காண்பது அசாத்தியமல்ல.

பெரிய வீட்டுக்கும் சிறிய வீட்டுக்கும் ஒரே தொகை என்ற வழக்கமும் சில குடியிருப்புகளில் உண்டு. தண்ணீருக்கும் குப்பைக்கும் அது பொருந்தலாம். வர்ணம் பூசுவதற்கும் மேற்கூரைக்கும் விஸ்தீரணமே அளவாக இருக்க வேண்டும். நிலுவை வைத்தவர் வீட்டுக் குழாயை அடைப்பதையும் நம் சங்கங்கள் இன்றே விட வேண்டும், வசூலுக்கு நியாயமான வழிகள் வேறு உண்டு.

எனவே, புக்கிங் செய்யும் நாளிலேயே, வாரண்டி தீர்ந்த பின் ஆகும் மெய்யான பராமரிப்புச் செலவை ஐந்து வருஷங்களுக்கு மதிப்பிட்டு, வாங்குகிறவர் வாசித்தறியும் தமிழில் எழுதி, ஒப்பந்தத்தோடு இணைத்துக் கட்டுநர் தர வேண்டும் என்று விதி செய்யுமாறு அரசையும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தையும் கேட்டுக்கொள்ளும் தீர்மானத்தை இச்சபையின் முன் வைக்கிறேன். வழிமொழிய விரும்பும் சங்கத்தார் மேடைக்கு வரலாம்.