இரத்தம் சோதிச்ச பிறகும் தூக்கம் வரலையா?

(தோட்டத்துக் குடும்ப நலக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



இன்றைக்கு நாம் பேசப்போவது கொஞ்சம் கூச்சமான விசயம். பெரியவங்க மன்னிக்கணும்.

கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய் வந்த ஒரு தம்பி. எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள். அங்கே ஒரு தடவை ஆணுறை இல்லாமல் உறவு வைத்ததை நினைத்துப் பயந்து, பத்தாம் நாளே எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனை செய்தார். 'இல்லை' என்று வந்தது. நம்பவில்லை. அடுத்த கிழமை வேறு இடத்தில் காசு கட்டினார். அங்கேயும் 'இல்லை'. ஆனாலும் சோறு இறங்கவில்லை, வேலைக்குப் போகவில்லை. லேசாகக் காய்ச்சல் அடித்தால்கூட அதுதான் என்று முடிவு கட்டினார். கடைசியில் நம்மிடம் வந்து அழுதார்.

கவ்வாத்து வெட்டின மறுநாளே மலைக்குப் போய்க் கொழுந்து தேடினால் கிடைக்குமா? துளிர் தெரிய நாள் பிடிக்கும். இதுவும் அப்படித்தான். கிருமி உடம்புக்குள் போயிருந்தாலும் சோதனையில் தெரிய நாள் ஆகும். கை நரம்பில் இரத்தம் எடுத்து ஆய்வுகூடத்தில் செய்கிற புதிய சோதனை பெரும்பாலும் 18 முதல் 45 நாளுக்குள் காட்டிவிடும். விரலில் குத்திப் பார்க்கிற சோதனைக்கு 23 முதல் 90 நாள் வரை பிடிக்கும். அதனால் பத்தாம் நாள் வந்த 'இல்லை'யை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. மூன்று மாதம் கழித்தும் 'இல்லை' என்றால், நடுவில் வேறு எதுவும் நடக்காதபட்சத்தில், இல்லைதான். காய்ச்சலை வைத்துக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

இன்னொன்று. பயம் வந்தவுடன், 72 மணி நேரத்துக்குள் போனால், தேவை என்று டாக்டர் கண்டால் 28 நாள் குடிக்க மருந்து தருவார். தம்பிக்கு அது தெரியாமல் போச்சு.

அவருக்கு நாம் சொன்னது இதுதான்: டாக்டர் சொல்லும் தேதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள், அதுவரை தினம் தினம் சோதிக்க ஓடாதீர்கள், அந்த நாள் வரைக்கும் ஆணுறை பாவியுங்கள், வேலைக்குப் போங்கள், நம்பிக்கையான ஒரே ஒரு ஆளிடம் மனம் விட்டுப் பேசுங்கள். லயம் முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை! மூன்றாம் மாதம் சோதித்தார். 'இல்லை' என்றே வந்தது.

'இருக்கு' என்று வந்திருந்தாலும் உலகம் முடிந்திருக்காது. அரசாங்கம் மருந்தை இலவசமாகத் தருகிறது. ஒழுங்காகக் குடித்துக் கிருமி சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்தால், உறவின் மூலம் மற்றவருக்குத் தொற்றாது. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதால் எப்போதுமே தொற்றாது.

சோதனைக்குப் போகிறவர் கெட்டவர் என்ற பேச்சும் வேண்டாம். நம்ம கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் இதே சோதனை நடக்குது. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நுவரெலியா, கண்டி, பதுளை, இரத்தினபுரியில் அரசாங்க பாலியல் நோய் சிகிச்சை நிலையங்கள் இருக்கு. காசு இல்லை, விசயமும் வெளியே போகாது. ஒரு நாள் பேர் போகும் என்பது உண்மைதான். துணைக்கு ஆள் வேணும் என்றால் நம்மிடம் வாங்க. எதற்கு என்று கேட்கமாட்டோம்.