அந்த நாலு நிமிஷம் நம்ம கையில்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பிரம்மதேசம் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லை. குழுக் கூட்டத்துல சேமிப்பு எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவுன்னு வாசிச்சிருக்கேன், அவ்வளவுதான். முதலுதவிப் பயிற்சிக்குப் போய் வந்தவங்கள்ல ஒருத்தர் பேசணும்னு தலைவி அக்கா சொன்னாங்க. அதனால நிக்கிறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

என் தாய்மாமன் மரக்காணத்து உப்பளத்துல வேலை செஞ்சவர். ஒரு சித்திரை மாசம் பாத்தியில உப்பு வாரிக்கிட்டு இருந்தவர் அப்படியே வரப்பு மேல சாய்ஞ்சிட்டார். அன்னைக்கு நானும் அங்கே இருந்தேன். பத்துப் பதினைந்து பேர் ஓடி வந்தோம். ஒருத்தர் மூஞ்சியில தண்ணி தெளிச்சார். ஒருத்தர் சோடா வாங்கி வந்து வாயில ஊத்தப் பார்த்தார். ஒரு அம்மா கையில சாவியைத் திணிச்சாங்க. நான் காலைத் தேய்ச்சுக்கிட்டே அழுதேன். கடைசியா ஒரு வண்டி பிடிச்சு ஏத்திக்கிட்டுப் போனோம். போற வழியிலேயே எல்லாம் முடிஞ்சுபோச்சு.

எங்க யாருக்கும் பாசம் குறைவில்லை. என்ன செய்யணும்னு தெரியல. அது ஒண்ணுதான் குறை.

போன வருஷம் ஒரு கல்லூரியில, அங்கே படிக்கிற பிள்ளைங்களோட சேர்த்து நம்ம கூட்டமைப்புப் பெண்களுக்கும் முதலுதவி வகுப்பு நடந்தது. பத்தாவதோட நின்னவ நான். கல்லூரிக்குள்ள கால் வைச்சது அதுதான் முதல் தடவை. கடைசி பெஞ்சில போய் உட்கார்ந்தேன். தரையில ஒரு பொம்மை கிடந்தது. இடுப்பு வரைக்கும்தான் உடம்பு. வகுப்பு எடுத்த நர்ஸ் அம்மா, "இவங்களுக்கு இப்ப மூச்சு இல்லை, இதயம் நின்னுபோச்சு. யார் வர்றீங்க?" என்று கேட்டாங்க. யாரும் எழுந்திருக்கல. என் மாமா ஞாபகம் வந்தது. நான் எழுந்து போனேன்.

அந்தப் பொம்மைக்கு ஒரு கதை இருக்கு. 1960ஆம் ஆண்டு அதைச் செய்தவர் டாக்டர் இல்லை. நார்வே நாட்டில் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொம்மை செய்து விற்றவர், பெயர் லேர்டால். தண்ணீரில் மூழ்கப் போன தன் பிள்ளையை ஒரு தடவை காப்பாற்றிய தகப்பன். நெஞ்சை அழுத்தினால் ரத்தம் ஓடும் என்று அதே 1960இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து எழுதிய மூன்று பேரில் மூத்தவர் கோவென்ஹோவன். அவர் மின்சாரம் படித்த என்ஜினீயர். இதையெல்லாம் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது. டாக்டருக்குப் படிச்சவங்க மட்டும்தான் செய்யணும்னு இல்லை, நாமளும் செய்யலாம்.

இதுக்குப் பேர் சி.பி.ஆர். இதயம் நின்னுட்டா மூளைக்கு ரத்தம் போகாது. நாலு நிமிஷத்திலிருந்து ஆறு நிமிஷத்துக்குள் மூளை கெட ஆரம்பிச்சிடும். சும்மா பார்த்துக்கிட்டு நின்னா, ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு நூத்துக்கு 7லிருந்து 10 வரை குறைஞ்சுகிட்டே போகும். 108 வண்டி எவ்வளவு வேகமா வந்தாலும் நாலு நிமிஷத்துல அளத்துக்கு வந்து சேருமா? வராது. அதுவரைக்கும் நின்னுபோன இதயத்தோட வேலையை நம்ம கை செய்யணும்.

செய்முறையைச் சொல்றேன், கவனமாக் கேளுங்க.

முதல்ல சுத்திப் பார்க்கணும். கரண்ட் அடிச்சிருந்தா மெயினை நிறுத்தாமல் தொடக் கூடாது. அடுத்து, தோளைத் தட்டிச் சத்தமாக் கூப்பிடணும். பதில் இல்லையா? உடனே 108க்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வைக்கணும். நெஞ்சு ஏறி இறங்குதான்னு பத்து விநாடிக்கு மேல போகாமல் பார்க்கணும். எப்பவாவது ஒரு தடவை வாயைப் பிளந்து ஏங்கி ஏங்கி இழுக்கிறது மூச்சு இல்லை. அதைப் பார்த்து "உசுரு இருக்கு, மூச்சு வருது"ன்னு விட்டுடாதீங்க.

மூச்சு இல்லைன்னா, கெட்டியான தரையில மல்லாக்கப் படுக்க வைக்கணும். நடு நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில ஒரு உள்ளங்கையின் அடிப்பாகம், அதன் மேல இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. பெரியவங்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழம் உள்ளே போற மாதிரி அழுத்தி, ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசா மேலே வர விடணும். நிமிஷத்துக்கு 100லிருந்து 120 தடவை. ரெண்டு நிமிஷம் செஞ்சாலே வேர்த்துக் கொட்டும், கை ஓய்ஞ்சுபோகும். அப்போ பக்கத்துல இருக்கிறவங்க மாத்திக்கணும். உரல்ல ரெண்டு பேர் தாளம் தப்பாமல் உலக்கை போட்ட கை நம்ம கை. நமக்கு இது வரும்.

திடீர்னு சாய்ஞ்ச பெரியவங்களுக்கு வாயில ஊதத் தெரியலைன்னாலும் அழுத்தினால் போதும். தண்ணியில மூழ்கினவங்களுக்கும் குழந்தைகளுக்கும் மூச்சும் கொடுக்கணும், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. கடலும் ஏரியும் பக்கத்துல இருக்கிற நமக்கு இது கண்டிப்பாத் தெரியணும். பொம்மை மேல பழகினால்தான் அது கைக்கு வரும். நான் சொல்றதைக் கேட்டது மட்டும் போதாது.

வகுப்புல ஒரு அக்கா கேட்டாங்க, "ஆம்பளை நெஞ்சுல நாம எப்படிக் கை வைக்கிறது? ஊர் என்ன சொல்லும்?" நர்ஸ் அம்மா கோபப்படல. "சரி, நீங்க விழுந்து கிடந்தா, பொம்பளைன்னு தொடாமல் எல்லாரும் தள்ளி நின்னா, உங்க பிள்ளைங்க என்ன சொல்லும்?" என்று கேட்டாங்க. வகுப்பே அமைதியாயிடுச்சு.

வகுப்பு முடிஞ்சதும் நான் தனியாப் போய், "அன்னைக்கு இது தெரிஞ்சிருந்தா எங்க மாமா பிழைச்சிருப்பாரா?" என்று கேட்டேன். "அதைச் சொல்ல முடியாதும்மா. எல்லாரும் பிழைக்க மாட்டாங்க. ஆனா ஒரு வாய்ப்புக் கிடைச்சிருக்கும்" என்றாங்க. ஆறுதலுக்குப் பொய் சொல்லாமல் சொன்னாங்களே, அந்தப் பதில்தான் என்னை இங்கே நிறுத்தியிருக்கு.

இதுவரைக்கும் நான் யாருக்கும் நெஞ்சை அழுத்த வேண்டி வரல. வரவும் வேண்டாம். ஆனால் கத்துக்கிட்டது வீண் போகல. எங்க பக்கத்து வீட்டுக் குழந்தை சுடுகஞ்சியில கையை விட்டுடுச்சு. என் மாமியார் பேஸ்ட் எடுக்க ஓடினாங்க. "வேண்டாம் அத்தை"ன்னு தடுத்து, குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் கையைக் காட்டி, சுத்தமான துணியைத் தளர்வாப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அன்னைக்கு என்னைத் திட்டின மாமியார்தான் இப்போ தெருவுல எல்லாருக்கும் பேஸ்ட் தடவாதேன்னு சொல்லிக்கிட்டு இருக்காங்க.

இன்னும் ஒண்ணு. உதவி செய்தால் போலீஸ், கோர்ட்டுன்னு அலைய வேண்டி வருமேன்னு பயப்படுறோம். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, சாலை விபத்தில் நல்ல மனசோடு உதவுபவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. பெயர், விலாசம் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. நம்ம பக்கத்து மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18ஆம் தேதி முதலமைச்சர் தொடங்கி வைத்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் இருக்கிற நாம் இதைத் தெரிஞ்சு வைச்சுக்கணும்.

கடைசியாக, இந்தக் கூட்டத்தில் தீர்மானமாகப் போடணும்னு மூணு விஷயம் கேட்கிறேன். ஒண்ணு, ஒவ்வொரு குழுவிலும் ரெண்டு பேராவது இந்தப் பயிற்சி எடுக்கணும், வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பப் பழகணும். ரெண்டு, அளத்துக்கு வேலைக்குப் போற ஒவ்வொரு கூட்டத்திலும் பயிற்சி எடுத்தவங்க ஒருத்தர் இருக்கணும். மூணு, அளத்துக்குக் கதவு எண் கிடையாது. 108க்கு எந்த அடையாளத்தைச் சொல்றது, ரோட்டில் போய் நின்று வண்டியைக் கூட்டி வருவது யார் என்று முன்னாடியே பேசி வைக்கணும்.

அவசரத்துக்கு ஆகும்னு மாசாமாசம் பணம் சேர்க்கிறோம். இதையும் சேர்த்து வைப்போம். இந்தச் சேமிப்பு எடுக்க எடுக்கக் குறையாது.